வெல்டிங் வேலைக்கு ஒரு கண் டெஸ்ட்

குடோனில் எல்லாரும் அவனைக் கிரேன் என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு மூட்டையை ஒரே மூச்சில் ஏற்றுகிற ஆள். போன மாதம் அந்தக் கிரேனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்பத்தொரு வயதில் செருப்பு மாட்டவே மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மூட்டை இனி ஆகாது.

மனைவியின் அண்ணன் வெல்டர். அவன்தான் வழி சொன்னான். "மாப்ளே, முதுகுக்கு வேலை இல்லாத தொழில். ஸ்டூல் போட்டு உக்காந்து பத்த வைக்கிறதுதான். எங்க பட்டறையில ஆள் எடுக்கிறாங்க, வா."

முந்தாநாள் போய்ப் பார்த்தான். முகமூடிக்குள் உலகமே இருட்டாகி, ராடு முனையில் ஒரு பச்சைப் பொட்டு மட்டும் நடுங்கியது. அவன் பற்றவைத்த முதல் வரி புழு நெளிந்த மாதிரி வந்தது. நாலாவது வரியை முதலாளி சுத்தியால் தட்டி, கசடை உதிர்த்து, விரலால் தடவினார். "பரவாயில்லையே! திங்கட்கிழமை வந்துடு. கண் டெஸ்ட் பேப்பர் மட்டும் கொண்டா."

கண் ஆஸ்பத்திரி மாடியில், கண் பார்க்கிற அம்மா அவனை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார். சுவரில் மூன்று பல் வைத்த சீப்பு மாதிரிக் கறுப்புக் குறிகள். பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் காட்ட வேண்டும். வலது கண்ணைக் கையால் மூடச் சொன்னார். கடைசி வரி வரை கடகடவென்று காட்டினான்.

"கழுகுக் கண்ணும்மா எங்க மாப்ளைக்கு!" கதவோரம் நின்ற மச்சான் சிரித்தான்.

"இப்ப இடது கண்ணை மூடுங்க."

மூடினான்.

"கரண்டு போயிடுச்சும்மா."

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்டு இருக்குங்க," என்றார் அந்த அம்மா மெதுவாக.

கையை எடுத்தான். விளக்கு எரிந்தது. மூடினான், இருட்டு. எடுத்தான். மறுபடி மூடினான். பழுதான குழாயைத் திருகிப் பார்க்கிறவன் மாதிரி நாலைந்து தடவை செய்து பார்த்தான். அந்த அம்மா அவன் இடது கண்ணை மூடிவைத்து, வலது கண்ணில் டார்ச் அடித்தார்.

"வெளிச்சம் தெரியுதா?"

"அடிச்சிட்டீங்களா?"

மச்சானின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இது இன்னைக்கு வந்ததில்லைங்க. வருஷக்கணக்கா இருக்கும். ஒரு கண்ணே ரெண்டு கண்ணு வேலையையும் பாத்திருக்கு. நாளைக்கே பெரிய டாக்டரைப் பாருங்க."

பட்டறையில் இரும்பை ஒட்டி நிறுத்தச் சின்னதாக ஒரு புள்ளி பற்றவைக்க யாரும் முகமூடி போடுவதில்லை. ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மற்றதால் பார்த்து வைப்பார்கள். 'போனா ஒண்ணுதானே போகும்' என்பது அங்கே தினமும் சொல்கிற ஜோக். முந்தாநாள் அவனும் அப்படி ஆறு புள்ளி வைத்தான். மூடிக்கொண்டது வலது கண்ணை, நெருப்புக்குக் காட்டியது அந்த ஒரே நல்ல கண்ணை.

"அம்மா, ஒண்ணு அருமையாத் தெரியுதே," மச்சான் கெஞ்சினான். "ரெண்டும் சரின்னு போட்டுடுங்க. முகமூடிக்குள்ள எத்தனை கண்ணு இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? மாப்ளே, வாயைத் திறந்து சொல்லேன்!"

சொல்லத்தான் வாயைத் திறந்தான். வீட்டில் மூன்று பேர் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகு போயாகிவிட்டது. இதையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது?

"உள்ளதை எழுதுங்கம்மா," என்றான். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "இருக்கிறது இந்த ஒண்ணுதான்."

பேப்பரை வாங்கிக்கொண்டு படியிறங்கினான். தெருவுக்கு வந்ததும் மச்சானைக் காணோம். திடுக்கிட்டு நின்றான்.

"இங்கதான் மாப்ளே இருக்கேன்," என்றது வலப்பக்கத்திலிருந்து ஒரு குரல், தோளை உரசுகிற தூரத்தில்.