முகல் பள்ளிவாசலில் மாப்பிள்ளை பார்த்தது

மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்ப்பது ஊர் வழக்கம். மாப்பிள்ளையைப் பார்க்கப் பெண் போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது அப்ஸானாவின் வழக்கம். வழக்கம் என்று சொல்லும்படி அவள் இதற்கு முன் செய்ததில்லைதான். ஆனால் அவள் செய்தால் எதுவும் ரொம்ப நாளாக நடந்துவருவது போலத்தான் தோன்றும். அப்படியொரு நிமிர்வு அவளுக்கு.

ரங்கூனின் கியாக்டடா பகுதியில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவள் அவள். பையனின் போட்டோ ஒரு வாரமாக உம்மாவின் போனில் கிடந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிளானைப் பார்த்து யாராவது வீடு வாங்குவாங்களா உம்மா? பிளான் போடறதே நான்தான். அதுல எவ்வளவு பொய்யின்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"சரி, நீயே போய் நேர்ல பாரு. ஆனா இதையும் வேணாம்னு சொன்னே, அடுத்தது நான் கை காட்டற ஆளுதான்" என்றாள் உம்மா. உம்மா கை காட்டத் தயாராக வைத்திருந்தது தாமுவே பகுதிச் சிமெண்ட் கடைக்காரரின் மகனை. அவன் கட்டிய வீட்டை அப்ஸானா பார்த்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் கழிப்பறைச் சுவர் தெரியும் வீடு அது.

அவளுடைய பரீட்சை ஒன்றே ஒன்று. ரங்கூனிலேயே அழகான கட்டடத்துக்குள் ஆளைக் கொண்டுவந்து விட வேண்டும். அவன் தலை நிமிர்ந்து பார்க்கிறானா என்று பார்க்க வேண்டும். அண்ணாந்து கூரையைப் பார்க்காத ஆளோடு ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளுவது எப்படி?

சூலியா பள்ளிவாசலில் வைத்துக்கொண்டால் தொழ வருகிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். பேச்சு பஸ் பிடித்துத் தாமுவே சிமெண்ட் கடைக்கே போய்விடும். எனவே முப்பதாம் தெரு முகல் பள்ளிவாசல் என்று முடிவாயிற்று. கூட்டி வருகிற பொறுப்பு காஜா மைதீன் மாமுவுக்கு. மாமுவின் வாயில் ரகசியம் தங்காது என்பதால் அப்ஸானா சத்தியம் வாங்கியிருந்தாள். கை காட்டக் கூடாது, கண் காட்டக் கூடாது, இருமக் கூடாது. பெண் அங்கேயே இருப்பது கூட வரும் பெரியவருக்குத் தெரியலாம், பையனுக்குத் தெரியக் கூடாது.

மதிய லுஹர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. காவல்காரரிடம் சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்ஸானா வரைகிற அட்டையோடு ஒரு இரும்புத் தூணின் பின்னால் நின்றாள். அந்தத் தூணை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். இரும்புதான், ஆனால் உச்சியில் இலை துளிர்த்திருக்கும்.

படியேறி நான்கு பேர் வந்தார்கள். மாமு. லான்மடாவில் பூட்டுக்கடை வைத்திருக்கும் இனாயத்துல்லா, பையனுக்குப் பெரியத்தா, அதாவது பெரியப்பா. கூடவே நாகூரிலிருந்து போன மாதம் வந்து இறங்கிய இரண்டு இளவட்டங்கள். ஒருவன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, வாசனை. இன்னொருவன் சட்டைப் பையில் பேனா கசிந்து நீலம் பூத்திருந்தது.

இவர்களில் யார்? அப்ஸானா யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"வாங்க மாப்பிள்ளை, இப்படி நிழல்ல வாங்க" என்று இனாயத்துல்லா வாசனைச் சட்டையை உபசரித்தார்.

"மாப்ள, செருப்பை இங்கே விடு" என்றான் மைக்கறைக்காரன்.

"சரி மச்சான்" என்றான் வாசனைச் சட்டை.

ஆக, வாசனைதான் மாப்பிள்ளை. மைக்கறை யாரோ மச்சான். அப்ஸானாவின் வீட்டில் பேச்சு முக்கால்வாசி பர்மியம். அவள் அறிந்த தமிழில் மாப்பிள்ளை என்றால் நிக்காஹ் மேடையில் மாலையோடு உட்காருகிறவன், அவ்வளவுதான். உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, எனக்கும் வருகிறது. அவளுக்கு வரவில்லை. மாமு என்னவோ சொல்லத் துடித்தவராய்க் கண்ணை இப்படியும் அப்படியும் உருட்டினார். சத்தியத்தை மீறுகிறாரே என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை கூரையைப் பார்க்கவில்லை. தூணைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தான். பார்த்து இளித்தான். தாழ்வாரத்துக்கு நழுவிப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக் குழைந்தான்.

"சாப்பிட்டியா தங்கம்? கோவிச்சுக்காதேடா. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அப்ஸானாவுக்குக் காது சுட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில், அதுவும் பள்ளிவாசலில், வேறொரு தங்கமா? அட்டையால் ஒன்று போடலாமா என்று கை பரபரத்தது. பரீட்சையில் மாப்பிள்ளை பெயில். அப்படியானால் சிமெண்ட். கழிப்பறைச் சுவர் கண்முன் வந்து நின்றது. கோபத்தோடு முற்றத்துக்கு வந்தாள்.

அங்கே மச்சான் மினாராவை அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தான். முப்பதாம் தெரு குறுகல். மினாரா உயரம். முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை ஒடித்துக்கொண்டு பின்னால் போவதைத் தவிர வழியில்லை. அப்ஸானா சின்ன வயதில் அப்படித்தான் போய் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தாள். இவன் போய் அவள் காலை மிதித்தான்.

"அமலே!" என்று பர்மியத்தில் அம்மாவைக் கூப்பிட்டாள் அவள்.

"மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க! தலை சுத்திருச்சு." அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் முழுக்கச் சிரிப்பு. "இவ்வளவு பெரிசை இவ்வளவு சின்னத் தெருவுல யாருங்க கொண்டாந்து வச்சது? முகல்னா டெல்லி பாதுஷாவா?"

"இல்லே. பாரசீகத்து வியாபாரிங்க கட்டினது. அவங்களைத்தான் இந்த ஊர்ல முகல்னு கூப்பிட்டாங்க. ரங்கூன்ல பேரைக் கேட்டு ஆளை முடிவு பண்ணக் கூடாது, சரியா?"

இதைச் சொன்னது அவள் வாய்தான். அவள் காதில் விழுந்ததா என்றால், இல்லை.

"அப்ப அந்தத் தூணுங்க? தட்டிப் பார்த்தேன், இரும்பு. ஆனா மேலே இலை விட்டிருக்கு! யாரும் அவ்வளவு உயரத்துல பார்க்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் இலைக்கு நரம்பு வரைக்கும் போட்டிருக்கான் பாருங்க, அவன் மனுஷன்!"

அப்ஸானாவுக்கு இப்போது தலை சுற்றியது. இந்த நரம்பைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு பேச்சு எங்கே தொடங்கியது, எங்கே போயிற்று என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. உள்ளே கூட்டிப் போனாள். வளைவுகளைக் காட்டினாள். மதிய வெயில் ஜன்னல் வழியே வந்து பளிங்குத் தரையில் படுத்திருந்ததைக் காட்டினாள். அவளுக்குத் தமிழ் தட்டினால் பர்மியத்தில் சொன்னாள். அவனுக்குப் புரியாவிட்டால் அட்டையில் வரைந்தாள். அவன் "ஆஹா" என்று அண்ணாந்து, தொப்பி கீழே விழுந்து, எடுத்து மாட்டி, மறுபடி அண்ணாந்து, மறுபடி விழவிட்டான். சிரிப்பை அடக்கி அடக்கி அப்ஸானாவுக்கு விக்கல் வந்துவிட்டது.

விக்கலோடு புத்தியும் வந்தது. ஐயோ, இவன் மச்சான் அல்லவா! மாப்பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டு மாப்பிள்ளையோடு வந்தவனிடம் மனதைக் கொடுத்தாயிற்று. சந்தோஷமும் திகிலும் சேர்ந்து அவளைத் தூக்கிப் போட்டன.

அதற்குள் இனாயத்துல்லாவும், போனை இன்னும் கையில் பிடித்திருந்த வாசனைச் சட்டையும் உள்ளே வந்தார்கள். மாமு மெல்ல அவள் பக்கம் ஒதுங்கினார்.

"என்னம்மா, பதில் சொல்லணுமே? பெரியவர் கேக்குறாரு."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. அப்ஸானா மாமுவின் காதோரம் குனிந்து, கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள்.

"மாப்பிள்ளை வேணாம் மாமு. எனக்கு மச்சான்தான் வேணும்."

வரைபடம் போடுகிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பளிங்குத் தரை, உயரக் கூரை, நாலு பக்கமும் வளைவு, ஆளில்லாத கூடம். கிசுகிசுப்பு மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, தெளிவாக எல்லார் காதிலும் இறங்கியது. மச்சான்தான் வேணும்... தான் வேணும்... வேணும்.

வாசனைச் சட்டையின் போனிலிருந்து ஒரு பெண்குரல் நாகூரிலிருந்து சீறியது.

"யாரு அது? யாருக்கு மச்சான் வேணுமாம்?"

"உன் மச்சான் இல்லடி தங்கம், நான் இங்கே பத்திரமா இருக்கேன்!" என்று அவன் பதறினான். "அவளுக்கு வேண்டியது என் மச்சானை! உன் அண்ணனை!"

இனாயத்துல்லா சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறாக்கள் கிளம்பிப் பறந்தன. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்தான் விளக்கினார். "இவரு ஹஸ்ஸான், எங்க வீட்டு மாப்பிள்ளைதான்மா, ஆனா பழைய மாப்பிள்ளை. அஜ்மலோட தங்கச்சியைக் கட்டினவரு. போன்ல இருக்கிறது அவதான். நீ பார்க்க வந்த புது மாப்பிள்ளை, உன் காலை மிதிச்ச இந்த அஜ்மல்."

"கண்ணைக் கண்ணை உருட்டினேனே, பார்த்தியா நீ?" என்றார் மாமு. பிறகு அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "அதை விடுங்க பெரியவரே. நம்ம வீட்டுப் பொண்ணுங்க கட்டிக்கிட்ட பிறகுதான் புருஷனை மச்சான்னு கூப்பிடுவாங்க. இவ இப்பவே ஆரம்பிச்சுட்டா. பதிலும் வந்தாச்சு, இனி நிக்காஹ் ஒண்ணுதான் பாக்கி."

அப்ஸானாவுக்கு அந்த அர்த்தம் இப்போதுதான் தெரியும். காது முதல் கழுத்துவரை சிவந்து போனாள்.

வந்ததிலிருந்து கூரையை விட்டுக் கீழே இறங்காத அஜ்மலின் கண்கள் இறங்கி அவளிடம் வந்து நின்றன. தொப்பியை எடுத்து ஒழுங்காக மாட்டிக்கொண்டான்.

"மாமு, கடைசி வார்த்தை சரியாக் கேக்கலை" என்றான். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

வேறெங்கும் பார்க்க வழியில்லாமல் அப்ஸானா அண்ணாந்து தூணின் உச்சியைப் பார்த்தாள். அன்றைக்கு அங்கே ஓர் இலைகூட அவள் கண்ணில் படவில்லை.