இரண்டு புளியமரங்களுக்கு நடுவே ஒரு வாடகை வீடு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் சொன்னது. சென்னை வாடகை கட்டுப்படியாகவில்லை, இந்தப் பக்கம் குடிவர வீடு பார்க்கிறேன் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம்.

“வூடு தேடறியா? நாங்க தேடல தம்பி. எங்க சாமான் ஏத்திக்கினு வந்த லாரி தேடிச்சி” என்றார்.

மீதியைக் கேட்பதற்காக நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. காட்டினேன். அவர் குறுக்கிட்ட இடங்களை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். அவை என் வாக்கியங்களைவிட நன்றாக இருக்கின்றன.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “மழை தூறிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில், லாரியின் முகப்பு விளக்கு வெளிச்சத்தில்…”

[“மழையா? வெயிலு மண்டைய பொளந்துச்சி.”]

இரண்டாவது: “1987 செப்டம்பரில், இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் ஒரு வாரம் நடந்த சாலை மறியல், தமிழக அரசியலில் ஒரு…”

[“பரீட்சைக்குப் படிக்கற மாரி இருக்குது.”]

அதையும் விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் விட முடியாது. அந்த வாரத்தில் உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன. நான் சொல்லப்போவது பெரும்பாலும் சந்தோஷமான கதை. அதன் சத்தத்தில் இது அமுங்கிப்போகக் கூடாது.

மூன்றாவது தொடக்கம் அடுத்த எண்ணில் இருக்கிறது. அதைக் கேட்டதும் அம்சவள்ளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

3

அம்சவள்ளியும் செல்லமுத்துவும் மூன்று வருடம் கிசுகிசுப்பாகவே குடும்பம் நடத்தினார்கள்.

மெட்ராஸில், ஓட்டேரியில், செல்லமுத்துவின் அண்ணன் வீடு. ஒரே அறை. நடுவில் ஒரு சேலைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும் நான்கு பிள்ளைகளும். இந்தப் பக்கம் இவர்களும் ஒரு தையல் மிஷினும். சண்டை போட்டாலும் கிசுகிசுப்பு, சமாதானமானாலும் கிசுகிசுப்பு. அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அம்சவள்ளி, யாரும் விரும்பிக் கேட்காத கள்ளக்குறிச்சிக்குத் தானாக மாற்றல் கேட்டு வாங்கினார். சின்ன ஊரில் வாடகை கம்மியாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

செல்லமுத்துவுக்குத் தயக்கம். “மிஷின் போட எடமும் ஜன்னலும் இருக்கற வூடு, உன் சம்பளத்துல வாடகை குடுக்கற மாரி கெடைச்சா வரேன். இல்லன்னா நீ ஆஸ்டல்ல இரு. நா இங்கியே தெச்சிக்கினு இருக்கேன்.”

அப்படி ஆளுக்கொரு ஊரில் இருக்கப் போனவர்கள் ஒன்றுசேர எத்தனை வருடம் ஆகும் என்பதை அம்சவள்ளி ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்திருந்தார். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக பஸ் ஏறி வந்து ஊர் முழுக்க வீடு பார்த்தார்கள். வாடகை ஒத்துவந்தால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்தால் ஜன்னல் இல்லை. கடைசியாக பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சிமென்ட் கடை பொன்னுரங்கத்தின் மாடி. வாடகை ஜாஸ்தி. விளக்கு வைத்த பிறகு மிஷின் ஓட்டக் கூடாது, கறி மீன் சமைக்கக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பிறகு அவர் கேட்டார்:

“நீங்க இன்னா ஆளுங்க?”

“நாங்க ரெண்டே ஆளுங்க” என்றார் செல்லமுத்து. “கொழந்த இன்னும் இல்லிங்க.”

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. மாடி ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்ததால் அட்வான்ஸை மட்டும் வாங்கிக்கொண்டார்.

(நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். அந்த வருடம் இந்தப் பக்கத்தில் அதைக் கேட்காதவர்கள் குறைவு. நான் சொல்லப்போவதில்லை. தெரியாமலேயே இந்தக் கதை உங்களுக்குப் புரியும்.)

4

விடிவதற்குள் ஊர் சேர்ந்துவிடலாம் என்று லாரி டிரைவர் சுப்புராயன் சொன்னார். சொல்லிவிட்டு டீக் கடை டீக் கடையாக நின்றார். தியாகதுருகம் தாண்டி, கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால், சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் விழுந்து கிடந்தது. திரும்பிப் போகலாம் என்று லாரியை வளைத்தால், பின்னால் கூப்பிடு தூரத்தில் இன்னொரு புளியமரம் சரிந்தது.

மறியல்காரர்களில் ஒருவன், கவியரசன் என்று பெயர், கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

“வண்டி போவாதுங்க.”

“அது தெரியுதுப்பா. பின்னால ஏன் வெட்னீங்க? திரும்பியாவது போயிருப்போமே” என்றார் அம்சவள்ளி.

“அத வெட்னது நாங்க இல்லிங்க. அடுத்த ஊருக்காரங்க.” அவனுக்கே சங்கடமாக இருந்தது. “எங்களுக்குச் சொல்லாம வெட்டிட்டாங்க.”

இரண்டு மரங்களுக்கும் நடுவே சிக்கியவை: ஒரு லாரி, சாமை மூட்டையும் தேன் டின்னும் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து இறங்கி தியாகதுருகம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த காசிநாதனின் ஜீப், ஒரு கரும்புக் காடு, ஒரு கிணறு, வரிசையாக ஐந்து ஓட்டு வீடுகள். வீடுகளின் சொந்தக்காரி கொளஞ்சியம்மாள், கவியரசனின் அக்கா. லாரியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“வழி வுட எத்தினி நாளு ஆவுமோ. கடைசி வூடு காலியாத்தான் கெடக்குது, சாமான எறக்குங்க. வாடகைக்கு இல்ல, சும்மா வைங்க.”

பீரோவைத் தூக்க ஆள் போதவில்லை. மரம் வெட்டியவர்களே வந்து தூக்கினார்கள்.

5

இங்கே நான் ஒரு பிரசவம் வைத்திருந்தேன். சாலை அடைபட்ட இரவு, வலி எடுத்த பெண், லாந்தர் வெளிச்சம், அம்சவள்ளியின் கைகளில் முதல் அழுகை. ஒன்றரைப் பக்கம். உருக்கமாக வந்திருந்தது.

[“நர்ஸுன்னா பிரசவம்தானா? நா கண்ணு வார்டு தம்பி. எடுத்துடு.”]

எடுத்துவிட்டேன். அப்படியானால் நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன்.

[“தூங்கனேன். மூணு வருசத் தூக்கம்.”]

ஆக, கதாநாயகி தூங்குகிறார். பின்வாசலைத் திறந்து வைத்தால் கரும்புக்கு மேலே கல்வராயன் மலை தெரிகிறது. செல்லமுத்து கை சும்மா இருக்காமல் மிஷினை ஜன்னலோரம் போட்டு, காசிநாதனின் ஜீப்பில் கிழிந்து தொங்கிய படுதாவைத் தைத்துக் கொடுக்கிறார். அதைப் பார்த்த கொளஞ்சியம்மாள் ஒரு ஜாக்கெட் துணியோடு வருகிறார். மறுநாள் அவர் நாத்தனார் வருகிறார். வண்டி வராத தார்ச் சாலையில் பிள்ளைகள் பம்பரம் விடுகிறார்கள். சுப்புராயன் லாரிக்கு அடியில் குறட்டை விடுகிறார். காசிநாதன் ஒரு மூட்டையைப் பிரித்து எல்லோருக்கும் சாமைச் சோறு ஆக்குகிறார்.

“சந்தைக்குத்தான் போவலியே, வவுத்துக்காவது போவட்டும்” என்று இலையில் தேனையும் ஊற்றுகிறார்.

அன்று வீட்டுக்குள் செல்லமுத்து, மெட்ராஸ் அண்ணி சேலைத் திரைக்குள் தலையை நுழைத்து உப்புக் கேட்பதை நடித்துக் காட்டினார். அம்சவள்ளி சிரித்தார். கிணற்றடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். செல்லமுத்து நடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

“இவ்ளோ சத்தமா சிரிப்பியா நீ? எனுக்குத் தெரியாதே.”

“எனுக்கும்தான் தெரியாது” என்றார் அம்சவள்ளி.

6

எனக்குக் கொளஞ்சியம்மாள் மேல் சந்தேகம். இத்தனை நல்லவராக ஒரு பாத்திரம் இருந்தால் வாசகர் நம்பமாட்டார். அம்சவள்ளியிடம் கேட்டேன்: “அவங்க அந்தக் கேள்வியக் கேக்கவே இல்லியா?”

“கேக்காம இருப்பாங்களா? மூணாம் நாளு கேட்டாங்க. இவரு மறுபடியும் ‘ரெண்டே ஆளுங்க’ன்னாரு. ‘அது தெரியுது, நெசத்த சொல்லு’ன்னாங்க. சொன்னோம்.”

“அப்புறம்?”

“கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. இவரு மிஷினுக்குத் துணிய போட்டு மூடனாரு. நா பாயி தலவாணிய சுருட்டிக் கட்டிக்கினு இருந்தேன். கொஞ்ச நேரங்கழிச்சி வாசல்ல வந்து நின்னாங்க. ‘கெணத்துக் கயிறு நைஞ்சி போயிருக்குது. நாலு வூட்டுக்காரங்களும் காசு போட்டு புதுசு வாங்கறோம். நீங்களும் இருக்கறதா இருந்தா உங்க பங்க குடுங்க’ன்னாங்க.”

இதற்கு ஒரு விளக்கம் எழுதிப் பார்த்தேன். எழுதிய ஒவ்வொரு சொல்லும் கயிற்றைவிடப் பலவீனமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

“கவியரசன்?” என்றேன்.

“ரெண்டு மூணு நாளு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்தான். அப்புறம் தீவாளிக்கு இவருகிட்டதான் சட்ட தெச்சான்.”

7

மறியல் முடிந்து மரங்களை அறுத்துப் போட்டார்கள். சுப்புராயன் வண்டியைக் கிளப்பிவிட்டுக் கேட்டார்: “சாமான ஏத்தறதா, வேணாமா?”

பொன்னுரங்கத்தின் மாடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். இங்கிருந்து பஸ். அங்கே கரண்ட் உண்டு. இங்கே இல்லை. இங்கே கொளஞ்சியம்மாள் சொன்ன வாடகை அங்கே கேட்டதில் பாதிகூட இல்லை. செல்லமுத்து எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணி அடிக்க ஆரம்பித்தார். கத்தரிக்கோல் மாட்டவாம். சுப்புராயன் வெறும் லாரியோடு மெட்ராஸுக்குத் திரும்பினார்.

இங்கேயே முடித்திருக்கலாம். அம்சவள்ளி விடவில்லை.

[“அட்வான்ஸு குடுத்துட்டு வந்த வூட்டுக்காரரு இன்னா ஆனாரு? அத எழுது.”]

என்ன ஆனார்? அம்சவள்ளி சொல்வது: செல்லமுத்து பயந்துகொண்டு, “சம்சாரத்துக்கு மெட்ராஸுக்கே மாற்றல் ஆயிடுச்சிங்க” என்று பொய் சொல்லிவிட்டு, எட்டு வருடம் சிமென்ட் கடைப் பக்கமே போகாமல் சந்து வழியாகச் சுற்றிப் போனார். செல்லமுத்து சொல்வது: நேராகப் போய், “உங்க வூட்ல எல்லாம் நல்லாருக்குது, எங்களால வாழத்தான் முடியாது” என்று மூஞ்சிக்கு நேரே சொன்னார். நான் வாசித்துக் காட்டிய அன்று இரண்டு பேரும் இதற்காகப் போட்ட சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டது.

எது நடந்தது என்று முடிவு செய்ய எனக்குத் தெரியவில்லை. கடைக்குள் செல்லமுத்து நுழைவதிலிருந்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பொன்னுரங்கத்தை மட்டும் ரொம்ப மோசமாக எழுதிவிடாதீர்கள். இரண்டு பேருமே ஒத்துக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு: அட்வான்ஸை அவர் முழுசாகத் திருப்பிக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.