கிட்டங்கிச் சோறு

1

அன்று அங்கே இருந்தவர்கள்: சத்துணவு சமைக்கும் சுருளியம்மாள். காய் சேர்த்து வைக்கும் கிட்டங்கிக்குச் சொந்தக்காரர் உக்கிரபாண்டி. அவர் மனைவி பொன்னுமணி, பேச்சு நடக்கும்போது பாதியில் வந்து சேர்ந்தாள். ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கும் மருதாயி. ஒரு அண்டா சோறு. வாசலுக்கு வெளியே, தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பிள்ளைகள்.

(நான் இல்லை. சுருளியம்மாள் சொல்லிக் கேட்டதுதான்.)

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு டீக்கடை. மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "சும்மா சோத்தப் போட்டு ஜனத்தையே சோம்பேறியாக்கிட்டாங்க." படிப்பைப் பாதியில் விட்டவனுக்குப் பதில் உடனே வராது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: மேற்கே மலை, மலைமேல் மேகம், மேகத்துக்குள் ஏலத்தோட்டம், அங்கே

வேண்டாம். காய் பறிக்கப் போடிமெட்டுக்குப் போகும் ஜீப்பில் தொங்குகிறவள் மேகத்தைப் பார்ப்பதில்லை. கம்பியைப் பிடிக்க இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

இரண்டாவது தொடக்கம்: எண்பத்திரண்டில் சத்துணவு வந்தது. ராசிங்காபுரத்துக்கு மேற்கே, மலையடியில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் அரிசி மூட்டை வைக்கவும் சமைக்கவும் இடமில்லை. உக்கிரபாண்டி தன் ஏலக்காய்க் கிட்டங்கியைக் கொடுத்தார். காய் வரும்வரை, மூலையில் சிந்திய கொஞ்சம் காயைத் தவிர, அது காலியாகத்தானே கிடக்கிறது.

இது போதும்.

கிட்டங்கியைக் கொடுத்தாரே தவிர சாவியைக் கொடுக்கவில்லை. அது அவர் அரைஞாண் கயிற்றிலேயே கிடந்தது. தினமும் காலையில் சுருளியம்மாள் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பாள்.

"வந்துட்டியாத்தா, ஊரச் சோம்பேறியாக்க?" என்பார். கூடவே நடந்து வந்து திறந்துவிடுவார்.

(இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. திட்டிக்கொண்டே திறந்துவிடுகிற ஆளை என்ன செய்வது?)

சுருளியம்மாள் புருஷனை இழந்தவள். அரசாங்கம் கொடுத்த இந்த வேலைதான் அவளுக்கு வீடு, வாசல் எல்லாம். முதல் நாள் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தின்றதைப் பார்த்தபோது யாரைக் கும்பிடுவதென்று தெரியாமல் அண்டாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம்.

3

அன்று மருதாயி காலை ஜீப்பில் போகவில்லை; மத்தியானச் சோறு வெந்த நேரத்துக்குக் கிட்டங்கிக்கு வந்தாள்.

"அக்கா, சோத்துல என்ன போட்ட?"

"பருப்பும் காயும். வேற என்ன போடுவாக?"

"எம்பிள்ள வாயில காஞ்ச ஏலக்கா வாசம் அடிக்குது. சட்டையிலயும் அடிக்குது. கங்காணி எங்க தெருவுலதான் இருக்காரு."

வெளியூர்க்காரர்களுக்கு: தோட்டத்திலிருந்து இறங்கும்போது, வேலையை மேற்பார்க்கும் கங்காணி முன்னால் மடியை உதறிக் காட்ட வேண்டும். பறிக்கிறவள் கையில் பச்சைக்காய் வாசம் இருக்கலாம். வீட்டில் காய்ந்த காய் மணந்தால் அது திருட்டு. அந்த வீட்டுக்காரிக்கு மறுநாள் ஜீப்பில் இடம் கிடையாது. அதனால் மற்ற தாய்மாரும் தின்ன வேண்டாமென்று பிள்ளைகளிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் பழக்கத்தில் வந்து நின்றன. ஒருவரும் தட்டை நீட்டவில்லை.

வெளியே நின்று கேட்ட உக்கிரபாண்டி உள்ளே வந்தார்.

"கவர்மென்ட்டு சோத்துக்கு எங் காயா? மூலையில கெடந்தத அள்ளிப் போட்டியா?"

"அண்ணே, நான் ஒரு காயத் தொட்டிருந்தா…"

(இந்த இடத்தில் அவளுக்கு நீளமாக ஒரு பேச்சு எழுதினேன். அடித்துவிட்டேன். சோறு ஆறிவிடுமே என்று அண்டாவை மூடினாள்.)

"நாளையிலருந்து கிட்டங்கி கெடையாது. மூட்டைய எடுத்துக்க."

அவளுக்கு வேலை போகும். பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போகும்.

அப்போதுதான் புருஷனைச் சாப்பிடக் கூப்பிட பொன்னுமணி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். மூடியைத் திறந்து கொஞ்சம் சோறு எடுத்து வாயில் போட்டாள்.

"நீங்க மோந்து பாத்தீகளா?"

உக்கிரபாண்டி குனிந்து மோந்தார். இன்னொரு தடவை மோந்தார்.

"ஒண்ணும் அடிக்கலயே."

"அடிக்காது. நம்ம வீட்டுச் சோறும் இதே வாசந்தான். அங்கயும் காயும் அரிசியும் ஒரே ரூம்புலதான கெடக்கு? அரிசி வாசத்த இழுத்துக்கிருது. கட்டிக்கிட்டு வந்த புதுசுல எனக்குக் கொமட்டும். எங்கம்மா வீட்டுக்குப் போனா, பாயசப் பானைக்குள்ள விழுந்தவ வர்றான்னு சிரிப்பாக. நீங்க பொறந்ததுலருந்து இதத்தான் திங்கிறீக."

4

முடிவு ஒன்று: அவர் ஒரு கவளம் தின்று கண்கலங்கினார்.

பொய். அவர் அந்த மாதிரி ஆள் இல்லை.

முடிவு இரண்டு: அதிகாரி ஒருவர் வந்து விசாரித்து

யாரும் வரவில்லை.

நடந்தது இது. "கங்காணி கேட்டா எங் கிட்டங்கி வாசம்னு சொல்லு," என்றார் உக்கிரபாண்டி, மருதாயியிடம்.

"நான் சொன்னா நம்புவாராண்ணே?"

அவர் ஒரு பிள்ளையின் தட்டை வாங்கினார். தெருவே பார்க்க வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "போடாத்தா." தின்றார். "உப்பு பத்தல." பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"சும்மா சோறு போட்டா ஊரு சோம்பேறியாயிரும்," என்று அன்றும் சொன்னார். இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்டும்போது சொன்னார்.

டீக்கடையில் பக்கத்தில் இருந்தவருக்கு என் பதில் இவ்வளவுதான். சில வருஷம் கழித்து அதே வாசலில் நானும் தின்றேன். அந்தச் சோறு இல்லையென்றால் பாதிப் படிப்பும் இல்லை. போட்ட அரசாங்கத்துக்கும், ஆக்கிய சுருளியம்மாளுக்கும், கடைசிவரை கருத்தை மாற்றிக்கொள்ளாத அந்த மனுஷனுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

காய் வந்த பிறகு அதை எங்கே வைத்தார், அதற்கு யாரைத் திட்டினார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் அன்று சாயங்காலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சுருளியம்மாள் அண்டாவைக் கழுவி உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். உக்கிரபாண்டி வந்தார்.

"காலையில எனக்குத் தோட்டத்துல சோலி இருக்கு. உனக்குக் கதவு தொறக்கக் காத்துக் கெடக்க முடியாது."

கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து மூட்டைமேல் வைத்தார்.

"வெரசாப் பூட்டு. பெருச்சாளி பூந்துரும்."

திரும்பிப் பார்க்காமல் போனார். சுருளியம்மாள் வெளியே வந்து, அவருக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.