முதல் துண்டை யார் வெட்டுவது

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள், ஒரே ஒரு ஓவன். எதைச் செய்தாலும் முதல் துண்டை மூத்த மருமகள்தான் வெட்ட வேண்டும் என்பது மாமியார் போட்ட சட்டம். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை. அவர் போட்டதில் மூத்தவளுக்குப் பிடித்த ஒரே சட்டம் அதுதான்.

இளையவள் பழம் போட்ட ஓட்ஸ் வில்லை செய்வதில் கெட்டிக்காரி. வெண்ணெயையும் தேனையும் உருக்கி, ஓட்ஸ், நறுக்கிய பேரீச்சை, உலர்ந்த திராட்சை, ஆப்பிள் துருவல் எல்லாம் கலந்து, ட்ரேயில் கரண்டியின் முதுகால் அழுத்தி ஓவனில் வைப்பாள். வெளியே எடுத்ததும் பிள்ளை தூங்குகிற அறைபோல அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும். இரண்டு மணி நேரம் ஆறினால்தான் இறுகும். அதற்குள் கத்தி பட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

ரயில் நிலையத்துக்கு எதிரே காபிக் கடை வைத்திருப்பவர் பதினோரு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் தினமும் அறுபது துண்டு. அந்த ஆர்டர் கிடைத்தால் தனிக்குடித்தனம் என்று இளையவளின் கணவன் வாக்குக் கொடுத்திருந்தான். எங்கே கிடைக்கப்போகிறது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு. ஒன்பது வருடமாக எட்டுப் பேரின் பாத்திரம் தேய்த்தவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். இளையவள் கிளம்பினால் அந்தப் பாத்திரங்கள் யார் கைக்கு வரும் என்பது மூத்தவளுக்கும் தெரியும்.

ஒன்பது மணிக்கு ட்ரே வெளியே வந்தது. ஒன்பதரைக்குக் கடைக்காரரே வாசலில் நின்றார்.

"பதினொண்ணுன்னு சொன்னீங்களே சார்?"

"உங்க வீட்டுலேருந்துதானேம்மா போன் வந்துச்சு. சூடா இருக்கும்போதே வாங்கன்னு."

"நான்தான் கூப்பிட்டேன்," என்றாள் மூத்தவள், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "ஆறிப்போனதையா வந்தவங்களுக்குக் குடுக்கறது?"

"அக்கா, இன்னும் ஒன்றரை மணி நேரம் போகட்டும். இப்ப வெட்டினா நிக்காது."

"அவர் என்ன வேலை இல்லாதவரா? முதல் துண்டு நான்தானே போடணும். அதுவும் கூடாதுன்னா சொல்லிடு, நான் ரூம்ல போய் உக்காந்துக்கறேன்."

வெளியாள் முன்னால் கத்தியைப் பிடுங்க இளையவளுக்குக் கை வரவில்லை. கணவனைப் பார்த்தாள். அவன் செய்தித்தாளில் வானிலை அறிக்கையை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தான்.

கத்தி இறங்கியது.

கடைக்காரர் எந்தச் சரக்கையும் எடுத்த எடுப்பில் வாயில் போடமாட்டார். ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டில் போட்டுப் பார்ப்பார். ரயிலுக்கு ஓடிக்கொண்டே தின்கிறவர்கள்தான் அவருடைய வாடிக்கை. உதிர்ந்தால் அழுக்கான சட்டையோடு திரும்பி வந்து சண்டை போடுவார்கள்.

போட்டார். துண்டு குவியலாகிப்போனது.

"வெண்ணெய் பத்தலைன்னு அப்பவே சொன்னேன்," என்றாள் மூத்தவள். அப்போது அவள் சமையலறைப் பக்கமே வரவில்லை.

"ஆறினா செங்கல் மாதிரி நிக்கும் சார். கொஞ்சம் உக்காருங்க."

"எனக்காக ரயில் உக்காருமாம்மா?" என்றவர், ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். முகம் கசந்தது. சரக்கு பிடித்துப்போனால் வியாபாரி முகம் அப்படித்தான் போகும். "பரவாயில்லை. தயிர்க் கப்பு மேல தூவி விக்கலாம். தூளாவே குடுங்க, தினமும் ரெண்டு டப்பா."

இளையவளுக்கு உயிர் வந்தது.

"யார்கிட்ட பேசணும்? போன் பண்ணினவங்ககிட்டதானே?"

"என்கிட்டயே பேசுங்க," என்றாள் மூத்தவள்.

"செய்யறது நான் சார்."

"செய்யறவங்க ஊருக்குப் பத்துப் பேர் இருக்காங்கம்மா. கூப்பிட்டா போன் எடுக்கற ஆள் ஒருத்தர்தான் எனக்கு வேணும்." வாசலில் செருப்பைத் தேடியபடி மூத்தவளிடம் சொன்னார்: "ஒண்ணு மட்டும். இதே வீடு, இதே ஓவன். இடம் மாறினா ருசி மாறும், நான் எடுக்கமாட்டேன்."

செய்தித்தாள் இறங்கியது. "அப்ப நாம எங்கயும் போக முடியாதே," என்றான் கணவன். வருத்தம்போல ஒலிக்கட்டும் என்று முயற்சி செய்துதான் சொன்னான்.

"நாளைக்கு ஆறு மணிக்கே ஓவன்ல வச்சிடு. நான் எழுந்து வந்து உடைச்சுக்கறேன்," என்றாள் மூத்தவள்.

இளையவள் ட்ரேயைப் பார்த்தாள். மிச்சமிருந்த வில்லை ஓரங்களில் இறுகத் தொடங்கியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள்; அசையவில்லை.

"தள்ளு," என்று மூத்தவள் கரண்டியை எடுத்தாள். "இறுகிட்டா அப்புறம் உடைக்கக் கை வலிக்கும்."