எடெல்மிரா கூட்டிய கூட்டம்

எடெல்மிராவுக்கு முப்பத்திரண்டு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலிதான் கால். பேச்சு வரும், ஆனால் ஒரு வாக்கியம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகும். ஒற்றை விரலால் கணினியில் கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்பதில் எங்கள் அரெக்கிப்பா நகரில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளை அச்சகத்துக்கு அழைத்துப்போய் வருவது ஆறு வருடமாக என் ஆட்டோதான்.

அவள் அம்மா இறந்த மாதமே, அண்ணன் வில்பர் ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு இடம் பேசிவிட்டான்.

"நான் இங்கயே இருக்கேன்" என்றாள் அவள்.

"யாரை நம்பி?"

அந்த ஞாயிறே எங்களைக் கூப்பிட்டாள்: பக்கத்து வீட்டில் ரொட்டி சுடும் சத்துர்னினா, உடற்பயிற்சி சிகிச்சை தரும் ஹில்டெப்ராண்டோ, நான். வில்பரும் வந்தான். ஒரு மணி நேரம் பேசினோம். யார் குளிப்பாட்டுவது, எத்தனை மணிக்குத் தூங்கவைப்பது என்று எல்லாம் முடிவாயிற்று. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாவம், அவளுக்கு என்ன தெரியும்" என்று நானே சொன்னேன். இன்றைக்கும் அது நாக்கில் கசக்கிறது.

எடெல்மிரா மேசையிலிருந்த கோப்பையைக் கையால் தள்ளினாள். அது தரையில் சிதறியது.

"இது... என்... கூட்டம்..."

"கூட்டம் வேணாமா கண்ணு?" என்று சத்துர்னினா குறுக்கே விழுந்தாள்.

எடெல்மிரா இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். "இது என் கூட்டம். நீங்க எல்லாம் இப்ப வீட்டுக்குப் போங்க."

போனோம். மூன்றாம் நாள் என் கைப்பேசிக்கு அவள் எழுதியது வந்தது: 'இக்னாசியா, உனக்கு வாய் ஜாஸ்தி. ஆனா சொன்ன நேரத்துக்கு வந்துருவ. எனக்கு நீ வேணும்.' மற்ற இருவருக்கும் தனித்தனியாக எழுதியிருந்தாள். அண்ணனுக்கு மட்டும் எழுதவில்லை.

இந்த முறை வேலையை அவளே பிரித்தாள். காலைக் குளியல் சத்துர்னினா, வெளிவேலை நான், எங்களுக்குப் பயிற்சி தர ஹில்டெப்ராண்டோ. அவள் வாக்கியத்தை யாராவது முடித்துவைத்தால் அன்றைக்கு அவருக்குக் கட்டாய விடுப்பு. முதல் வாரத்திலேயே சத்துர்னினாவுக்கு மூன்று விடுப்பு! எங்கள் ஊரில் பூமி அடிக்கடி அதிரும்; ஆளைத் தூக்கித் தெருவுக்குக் கொண்டுபோகப் பழக என்னைப் படுக்கவைத்தார்கள். சத்துர்னினா என்னைத் தொப்பென்று போட்டாள். எடெல்மிரா சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது.

தனக்குத் துணை நிற்பவர்களைத் தானே தேர்ந்தெடுக்க எங்கள் நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. அதைப் பதிய நோட்டரியிடம் போனோம். தடுக்க வில்பரும் வந்திருந்தான்.

நோட்டரி என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவங்க தனியா சமாளிப்பாங்களாம்மா?"

பதில் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு எடெல்மிராவைப் பார்த்தேன்.

"அவகிட்ட ஏன் கேக்குறீங்க ஐயா? வீட்ல இருக்கப்போறது நான்தானே?" எடெல்மிரா சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. நோட்டரி பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

வில்பர் எழுந்தான். "பூமி அதிர்ந்தா என்ன பண்ணுவ? அதைச் சொல்லு!"

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு" என்றாள். "கட்டில்லேருந்து தெரு வரைக்கும். எட்டு தடவை பழகிட்டோம். உன் பிள்ளைங்களை வெளிய கொண்டுவர உனக்கு எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே?"

வில்பர் மெல்ல உட்கார்ந்தான். அப்படி ஒன்றை அவன் யோசித்ததே இல்லை.

எடெல்மிரா காகிதத்தில் பெருவிரலை அழுத்திப் பதித்தாள். வாசலுக்கு வந்ததும் சத்துர்னினா நடுத்தெருவில் ஆட ஆரம்பித்துவிட்டாள். நான் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்தேன். போக்குவரத்துக் காவலர் விசில் ஊதியும் நிறுத்தவில்லை.

வில்பர் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "எனக்கு ஏதாவது வேலை இருக்கா?"

எடெல்மிரா அவனை நன்றாகப் பார்த்தாள். நாங்கள் மூவரும் வாயே திறக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வா. சமையல் உன்னுது. காரம் கம்மியா வச்சே, வேலை போயிரும்."