மூச்சு எடுக்கும் இடம்

நெஞ்சுக்குள் காற்று தீர்ந்துகொண்டே வருகிறது, எங்கள் பாட்டுக்குழுவை நடத்தும் தேவநேசன் சாரின் இடதுகை இன்னும் இறங்கவில்லை, அது இறங்கும்வரை இந்த ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும், பாளையங்கோட்டை மண்டபத்தில் அத்தனை விசிறிகளும் சுற்றியும் காற்றில்லை, காலையிலிருந்து ஜவுளிக்கடையில் சேலை விரித்துப்போட்டு நின்ற கால்கள் இப்போதும் நிற்கின்றன, ஞானப்பாட்டு பாடியாகிவிட்டது, கும்மி பாடியாகிவிட்டது, அர்த்தமே தெரியாத ஆப்பிரிக்கப் பாட்டைத் தொடையில் தட்டித் தட்டிப் பாடியாகிவிட்டது, கஜல், பழைய சினிமா மெட்டு, எல்லாம் முடிந்து கடைசிப் பாட்டின் கடைசிச் சுரம் இது, பக்கத்தில் பியூலா அக்காவின் தோள் என் தோளில் உரசுகிறது, மூச்சு எடுக்கிறாளா என்று கடைக்கண்ணால் பார்க்கிறேன், எடுக்கவில்லை, எங்கள் குழுவில் பெண்களின் கீழ்க்குரலுக்கு நாங்கள் இரண்டு பேர்தான், ஒருத்தி மூச்சு எடுக்கும்போது மற்றவள் பாடிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் சுரம் அறுவது வெளியே தெரியாது, ஆனால் ஆறு வருஷம் ஒட்டி நின்று பாடியதில் எங்களுக்கு ஒரு வியாதி, இருவரும் ஒன்றாகவே மூச்சு எடுப்போம், பாட்டில் ஓட்டை விழும், சார் மேசையைத் தட்டுவார், ஏட்டி, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மூக்கா வச்சிருக்கிய, எல்லோரும் சிரிப்பார்கள், அக்காதான் அதிகம் சிரிப்பாள், ஆளுக்கொரு ஓட்டை சார் என்பாள்.

பிறகு அக்காவுக்கு நிமோனியா, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளின் மூச்சு குட்டையாகிப்போயிருந்தது, சார் என்னைத் தனியாகக் கூப்பிடுகிறார், போன வாரம்தான், ஏதோ போன ஜென்மம் போல இருக்கிறது, கடைசிப் பாட்டுக்குப் பியூலா வேண்டாம்மா, கீழ உக்காந்து கேக்கட்டும் என்றார், அவ நிக்கலன்னா நானும் நிக்கல சார், அவ எடுக்கும்போது நான் புடிச்சுக்கிடுதேன், ஓட்டை விழாது, விழுந்தா என்றார் சார், விழுந்தா இனிமே அவளக் கூப்பிடாண்டாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், அன்றைக்கே அக்கா காதுக்குப் போய்விட்டது, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்காவ நீ யாம்ட்டி வாக்கு குடுக்க, எங்க வீட்டுக்காரவுக தவறிப்போனதுக்கப்புறம் செவத்தப் பாத்துட்டே கெடந்தவ நான், இந்தப் பாட்டும் போச்சுன்னா மறுபடியும் அந்தச் செவருதான் என்றாள், நான் பதில் சொன்னேனா, தூங்கிவிட்டேனா, எவ்வளவு அசதி அன்று.

இப்போது துளிகூடக் காற்றில்லை, அக்கா முதலில் எடுக்கட்டும் என்று காத்திருக்கிறேன், மூச்ச எடு அக்கா, கண்ணால் கெஞ்சுகிறேன், அவளோ என்னையே பார்த்துக்கொண்டு பாடுகிறாள், அவளும் எனக்காகத்தான் காத்திருக்கிறாள், கண் இருட்டிக்கொண்டு வருகிறது, சேலை மடிப்போரம் அவள் விரல் என் சுண்டுவிரலைக் கிள்ளுகிறது, எடுட்டி, தோற்றுப்போய் இழுத்தேன், ஓட்டை விழப்போகிறது என்று உடம்பு குறுகியது, விழவில்லை, ஒற்றைக் குரல், லேசாகக் கரகரத்து, ஓரத்தில் பிய்ந்து, ஆனால் சுரத்தைவிட்டு இழைகூட இறங்காமல் நிற்கிறது, அக்காவின் குரலைத் தனியாக நான் கேட்டதே இல்லை, எப்போதும் என் குரலும் அதில் கலந்தே இருந்தது, நீ இப்படியாக்கா பாடுவ, இந்தக் களைப்போடு அப்படியே கேட்டுக்கொண்டு நின்றுவிடலாம் போல இருந்தது, அதற்குள் அந்தக் குரல் நடுங்கத் தொடங்கியது, சாரின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது, நெஞ்சு நிறைந்த காற்றோடு நான் சுரத்துக்குள் நுழைந்து, அவள் விரலைக் கிள்ளினேன்.