ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை

மேலாளர் குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் பத்து நர்சுகள் கைதட்டினார்கள். பதினோராவது ஆள் தட்டவில்லை. அவள் சுவரில் சாய்ந்து நின்று, கூத்தாடியைப் பார்ப்பதுபோல அவரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனுஷர் மேலே மஞ்சள் மழைக்கோட்டு, கீழே தேய்த்த பேண்ட், காலில் ரப்பர் செருப்பு என்று சொட்டச் சொட்ட நின்றார். கோட்டின் ஜிப்பை இழுத்துத் திறந்து காட்டினார். உள்ளே சட்டையும் டையும் கடையில் மடித்து வைத்ததுபோல இருந்தன.

"பத்து நிமிஷம் ஷவருக்கு அடியில நின்னிருக்கேன். ஒரு சொட்டு? ஒரு சொட்டுகூட உள்ள வரல, பாருங்க!"

மறுபடியும் கைதட்டல். பெரிய சாதனைதான். பத்து நிமிஷம் அசையாமல் நிற்க முடிந்த எந்தத் தூணும் செய்திருக்கக்கூடிய சாதனை.

அது படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கட்டு மாற்றி, ஊசி போட்டு, உடம்பு துடைத்துவிட்டு வரும் நிலையம். ஊரோ மேடும் பள்ளமும். சந்துகளில் கார் நுழையாது. ஆகவே பதினோரு நர்சுகளுக்கும் பதினோரு சைக்கிள். வருஷத்தில் நாலு மாசம் குளிரும் மழையும் கைகோத்துக்கொண்டு வரும். போன வருஷத்து மழைக்கோட்டுகள் கிழிந்து தொங்கியதால், இந்த வருஷம் நல்லதாகத் தேர்வு செய்தே தீருவது என்று மேலாளர் கிளம்பிவிட்டார். சைக்கிளில் கடைசியாக எப்போது ஏறினார் என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. கார் நிற்கிற இடத்திலிருந்து வாசல்வரை பன்னிரண்டு அடி, அதற்கே குடை விரிப்பார். அவர்தான் இப்போது மழையைப் பற்றி வகுப்பெடுக்கிறார்.

கைதட்டாதவளை எல்லோரும் மிளகாய் என்று கூப்பிடுவார்கள். காரணம் அவள் நாக்கு. அந்தப் பட்டப்பெயர் தனக்குப் பிடிக்காதமாதிரி மூக்கைச் சுளிப்பாளே தவிர, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். பதினாலு வருஷமாகச் சுற்றுக்குப் போகிறாள். ஒரு நாள் சளி என்று லீவு போட்டது கிடையாது. மற்றவர்கள் மழையில் தொப்பலாக வந்து தும்முவதைப் பார்த்தால் அவளுக்கு இரக்கம் வராது, எரிச்சல்தான் வரும். படித்த பெண்கள், மனுஷ உடம்பையே பாடமாகப் படித்தவர்கள், தங்கள் உடம்புக்கு என்ன உடுத்துவது என்று தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

இருப்பதிலேயே பலமாகக் கைதட்டியது மூட்டை. அவள் உண்மையில் ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். ஆனால் காலையில் சுற்றுக்குக் கிளம்பும்போது பருத்திப் பனியன், அதன்மேல் பருத்திச் சட்டை, அதன்மேல் ஒன்றுக்கு இரண்டாகத் தடி ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், எல்லாவற்றையும் அமுக்கிக் கட்டினாற்போல மழைக்கோட்டு என்று உருண்டு வருவாள். மூட்டை என்று பெயர் வைத்தவளே மிளகாய்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதனால் அந்த உரிமை தனக்கு உண்டு என்று நினைத்தாள்.

போன மழைக்காலத்தில் மூட்டைக்கு நிமோனியா வந்தது. மூன்று வாரம் படுக்கை. எழுந்துவிட்டாள், இருமல் மட்டும் போகவில்லை. இன்னொரு மழைக்காலம் இப்படி ஈரத்தோடு அலைந்தால் நுரையீரல் தாங்காது, சுற்று வேலைக்குத் தகுதியா இல்லையா என்று மழைக்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுற்றை விட்டால் அவளுக்கு இங்கே வேறு வேலை இல்லை. அவள் சம்பளம் ஒன்றுதான் அவள் வீட்டில். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். மழை தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. புதுக் கோட்டைக் காட்டியாவது டாக்டரைச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று மூட்டை அந்த மஞ்சள் துணியையே சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கோட்டு அவளைக் காப்பாற்றாது என்று மிளகாய்க்குத் தெரியும்.

"அப்ப இதையே வாங்கிடலாம். எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார் மேலாளர்.

"எனக்கு இல்ல சார்."

மேலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உங்களுக்கு எதுதான் சிஸ்டர் சம்மதம்? கண்ணு முன்னாடி நனைஞ்சு காட்டியிருக்கேன்."

"நின்னு காட்டியிருக்கீங்க சார். நாங்க யாரும் மழையில நிக்கிறது இல்ல. மிதிக்கிறோம். தண்ணித் தொட்டி மேட்டுல ஒரு தடவை இந்தக் கோட்டோட ஏறிட்டு வாங்க, அப்புறம் நானும் கைதட்டறேன்."

"இப்ப மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க போய் ஏறச் சொல்றீங்க?"

"எங்கயும் போக வேண்டாம். பக்கத்து ரூமுக்கு வாங்க போதும்."

பக்கத்து அறையில் பிசியோதெரபிக்கென்று ஒரு நிலைச் சைக்கிள் இருந்தது. முட்டி ஆபரேஷன் ஆனவர்கள் மிதிப்பது. மேலாளர் அதைப் பார்த்துத் தயங்கினார். ஆனால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன் என்று வாய் கிழியப் பேசுகிற மனுஷர் பதினோரு பெண்கள் எதிரில் பின்வாங்கவா முடியும்? கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மிளகாய் பாரத்தைக் கூட்டும் குமிழைத் திருகினாள்.

"எதுக்கு இவ்வளவு?"

"இதுதான் சார் தண்ணித் தொட்டி மேடு. பாதிதான் வெச்சிருக்கேன்."

முதல் ஐந்து நிமிஷம் மேலாளர் பேசிக்கொண்டே மிதித்தார். துணியின் தரத்தைப் பற்றி, முதுகில் நிலையத்தின் பெயர் பெரிதாக வருவதைப் பற்றி, மஞ்சள் நிறம் தூரத்திலிருந்தே தெரிவதைப் பற்றி. எட்டாவது நிமிஷம் பேச்சு நின்றது. பன்னிரண்டில் காது சிவந்தது. பதினைந்தில், "போதுமா?" என்றார். "மேடு இன்னும் முடியல சார்" என்றாள் மிளகாய். அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது. வருஷக்கணக்காகக் காருக்குள்ளிருந்து கையசைத்துவிட்டுப் போன ஆள், இன்று நாக்குத் தள்ள மிதிக்கிறார்.

இருபதாவது நிமிஷம் இறங்கச் சொன்னாள். ஜிப்பைத் தானே பிடித்து இழுத்தாள். குப்பென்று ஆவி வந்தது. சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்.

"நீங்க சொன்னது சரிதான் சார். வெளியில இருந்து ஒரு சொட்டுகூட உள்ள வரல. இது அத்தனையும் உங்க சொந்தத் தயாரிப்பு."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடுத்த நொடி எல்லோரும் சிரித்தார்கள். மூட்டை மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஈரச் சட்டையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உடம்பு வாகு அப்படி. வேர்வை கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் மேலாளர்.

"அப்படியா? இப்ப இறக்கத்தையும் பாத்துருவோம்." மிளகாய் போய் ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்தாள். காற்று சில்லென்று நுழைந்தது. கோட்டைத் திறந்தபடி நின்ற மேலாளர் ஒரு நிமிஷம் சமாளித்தார், இரண்டாவது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டார், மூன்றாவது நிமிஷம் பல் தந்தியடித்தது. "ஜன்னலைச் சாத்துங்க சிஸ்டர்" என்று கெஞ்சும் குரலில் சொன்னார்.

"சாத்தறேன் சார். ஆனா எங்களுக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது."

மேலாளர் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வீம்பெல்லாம் வேர்வையோடு போய்விட்டது. "சரிம்மா, அப்ப என்னதான் போடணும்? சொல்லுங்க" என்றார்.

சும்மாவே ஆடுகிறவள், கேட்டால் விடுவாளா? அரை மணி நேரம் விளாசித் தள்ளினாள். உடம்போடு ஒட்டிப் பருத்தி போடுகிறவள் நர்சே இல்லை என்றாள். பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு விடவே விடாது, மெல்லிய கம்பளிப் பனியன் ஒன்று போதும், நனைந்தாலும் சூடு கொடுக்கும். மேலே கோட்டு என்றால் அக்குளுக்கடியில் திறந்துவிட ஜிப் இருக்க வேண்டும், பின்பக்கம் நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் தெறிக்கிற சேறு நேராக இடுப்புக்குத்தான் போகும். அதைவிட மட்கார்டை ஒழுங்காக மாட்டுங்கள், பாதி நனைவது வானத்தால் இல்லை, சக்கரத்தால்தான் என்றாள். கையுறை இரண்டு ஜோடி, ஒன்று பையில். நோயாளி வீட்டில் ஹீட்டர் எரியும், அங்கே கோட்டோடு நிற்பது அடுப்பில் உட்காருவது மாதிரி, வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"முக்கியமானது இதுதான். வீட்டை விட்டுக் கிளம்பறப்போ குளிரணும். நடுங்கிக்கிட்டே கிளம்பணும். கிளம்பறப்பவே கதகதன்னு இருந்தா, அதிகமா போட்டிருக்கோம்னு அர்த்தம். மேட்டுல வேர்த்து ஊத்தும், இறக்கத்துல அந்த ஈரம் நெஞ்சுல உறையும். அஞ்சு அடுக்குத் துணியைச் சுத்திக்கிட்டு வந்து காய்ச்சல்ல விழறது மழையாலன்னா நினைக்கிறீங்க? புத்தி கெட்டதனால."

எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். மேலாளர் ஒரு காகிதம் எடுத்து எழுதிக்கொண்டார். மஞ்சள் கோட்டு வேண்டாம், சிஸ்டர் சொல்கிறமாதிரியே பார்ப்போம் என்றார். மிளகாய்க்குத் தலைகால் புரியவில்லை. பதினாலு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கட்டிடத்தில் ஒரு மூளை வேலை செய்திருக்கிறது, அதுவும் தன்னுடையது.

"எல்லாரும் அளவு சொல்லுங்க" என்றார் மேலாளர். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். மூட்டை முன்னால் வந்து வாயைத் திறந்ததும் பேனா நின்றது.

"உங்களுக்கு வேண்டாம் சிஸ்டர்."

"ஏன் சார்?"

"டாக்டர் லெட்டர் நேத்தே வந்துருச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன். ஒண்ணாம் தேதியில இருந்து உங்களைச் சுத்துக்கு அனுப்ப முடியாது."

"ஆபீஸ்ல ஏதாவது..."

"ஆபீஸ்ல இடம் எங்கம்மா இருக்கு?"

மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேத்து வந்த லெட்டரைப் பையில வெச்சுக்கிட்டா இன்னைக்கு ஷவர்ல குளிச்சிட்டு வந்தீங்க? அவ உங்களுக்குக் கைதட்டினாளே, அப்பகூடச் சொல்லத் தோணலையா? மனுஷனா சார் நீங்க?" என்று கத்தினாள். மேலாளர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தார். மூட்டை வெளியே போனாள்.

மிளகாய் பின்னாலேயே உடைமாற்றும் அறைக்கு ஓடினாள். மூட்டை தன் அலமாரியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு ஸ்வெட்டரையும் எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் டாக்டர்கிட்ட வந்து பேசறேன்டி. துணியை மாத்தினா சரியாப் போயிடும்னு சொல்றேன். அந்த ஆளு கெடக்கான் விடு, அவனுக்கு என்ன தெரியும்?"

"நெஞ்சுல பாதி போயிடுச்சாம். போன வாரம் டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். இனிமே எதை மாத்தியும் ஒண்ணும் இல்ல." மூட்டை இருமினாள். இருமி முடித்துவிட்டு, "நீ அங்க சொன்னியே, அதெல்லாம் உனக்கு எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"எதெல்லாம்?"

"பருத்தி போடக்கூடாது, கிளம்பறப்போ குளிரணும், அதெல்லாம்."

"சேர்ந்த வருஷமே தெரியும். ரெண்டு தடவை நனைஞ்சு பட்டுத்தான் கத்துக்கிட்டேன்."

"பதினாலு வருஷமா தினமும் காலையில இந்த ரூம்ல என் பக்கத்துல நின்னுதான் உடுத்துவ."

"நீ ஒரு தடவைகூடக் கேட்கலையேடி" என்றாள் மிளகாய். சொல்லும்போதே குரல் கீழே போய்விட்டது.

"கேட்டேன். போன மழைக்கு முன்னாடி. 'இவ்வளவு போட்டும் ஏன்டி எனக்கு மட்டும் குளிருது'ன்னு கேட்டேன். 'இன்னும் ஒரு கம்பளிப் போர்வை பாக்கி இருக்கு, அதையும் சுத்திக்கோ'ன்னு நீ சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க." மூட்டை ஸ்வெட்டர்களைப் பைக்குள் வைத்து அமுக்கினாள். "நானும்தான் சிரிச்சேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கோபமாகக் கதவைச் சாத்தியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் மெதுவாகத்தான் சாத்தினாள்.

சற்று நேரத்தில் மற்ற நர்சுகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். மேலாளர் பல் தந்தியடித்ததை இன்னொரு தடவை நடித்துக் காட்டச் சொல்லி மிளகாயைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"போங்கடி" என்றாள் அவள். திறந்து கிடந்த மூட்டையின் அலமாரியை மெதுவாகச் சாத்தினாள்.